கல்யாணமே ஆகாதவர் எப்படி ‘மிஸஸ்’ ஆனார்? நடுவில் அந்த ‘ஆர்’ எதற்கு?

தாளோரம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பெண்கள் எழுதிய கடிதங்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘புளூ ஸ்டாக்கிங்’ வட்டம் என்பார்களே, எலிசபெத் மாண்டேகு வீட்டில் கூடி இலக்கியம் பேசியவர்கள், அவர்கள்தான். அந்த வட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் எலிசபெத் கார்ட்டர். கிரேக்கம், லத்தீன், ஹீப்ரு எல்லாம் படித்து, பின்னாளில் அரபியையும் விட்டுவைக்காதவர். பழங்காலத் தத்துவஞானி எபிக்டெட்டஸை நேரே கிரேக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து 1758இல் அச்சில் பார்த்தவர்.

கடிதங்களில் எல்லோரும் அவரை ‘மிஸஸ் கார்ட்டர்’ என்றுதான் குறிப்பிடுகிறார்கள். நானும் ‘திருமதி கார்ட்டர்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். திரும்பி வந்த மெய்ப்பில் பதிப்பாசிரியர் அத்தனை திருமதியையும் அடித்துவிட்டு, “இவர் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை, செல்வி என்று மாற்றவும்” என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது உண்மைதான், கார்ட்டர் மணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் மூலத்தில் மிஸஸ் என்றுதானே இருக்கிறது? தவிர, எண்பதைத் தாண்டி வாழ்ந்த ஒரு பேரறிஞரைப் பக்கத்துக்குப் பக்கம் ‘செல்வி’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. ‘மிஸஸ்’ என்று சொல்கிறோம், எழுதும்போது எம், ஆர், எஸ். இந்த ஆர் எங்கிருந்து வந்தது? இதை முழுச் சொல்லாக விரித்து எழுதுங்கள் என்றால் எப்படி எழுதுவது? மிஸ்டருக்கு ஆர் இருப்பது புரிகிறது, சொல்லிலேயே இருக்கிறது. மிஸஸில் எங்கே இருக்கிறது?

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பதிப்பாசிரியரிடம் காட்டும்படி ஆதாரத்தோடு சொன்னால் புண்ணியமாகப் போகும்.

---

ராவாசகன்:

இரண்டாவது கேள்விக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும். அது ‘மிஸ்ட்ரஸ்’ என்ற சொல்லின் சுருக்கம். ஆர் அதில் இருக்கிறது பாருங்கள். மிஸ்ட்ரஸ் கார்ட்டர் என்று இன்றைக்கு யாராவது விரித்துச் சொன்னால் அடிதான் விழும், அந்தச் சொல்லுக்கு இப்போது வேறு அர்த்தம். சுருக்கம் மட்டும் மரியாதையாகப் பிழைத்துக்கொண்டது.

முதல் கேள்விக்குப் பழங்கையெழுத்து சார் வந்தால்தான் சரிப்படும். கூப்பிட்டுவிட்டேன்.

---

பழங்கையெழுத்து:

வந்துவிட்டேன். பதிப்பாசிரியர் கவனமாகப் படிக்கிறவர்தான், ஆனால் இந்த வழக்கில் தீர்ப்பு உங்கள் பக்கம். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஆங்கிலக் கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்து தருவதுதான் என் பிழைப்பு. தேவாலயப் பதிவேடு, உயில், கணக்குப் புத்தகம், என்ன வந்தாலும் சரி. அதனால் ஆரிலிருந்தே தொடங்குகிறேன். அச்சில் பார்த்தால் அந்த ஆர் யாரோ தவறிப்போய் விட்டுச்சென்றது போலத்தான் இருக்கும். கையெழுத்தில் பார்த்தால் சந்தேகமே வராது. முதலில் பெரிய எம். அதன் வலது தோளுக்கு மேலே, பாதி அளவில், ஆரும் எஸ்ஸும் தூக்கி எழுதப்பட்டிருக்கும். அந்தக் குட்டி எழுத்துகளுக்கு அடியில் ஒரு புள்ளி, சிலர் கையில் இரண்டு புள்ளி, அவசரக்காரர் கையில் ஒரு சின்னக் கோடு. ‘நடுவில் எழுத்துகளை விட்டிருக்கிறேன், நீயே நிரப்பிக்கொள்’ என்று அதற்குப் பொருள்.

இது மிஸ்ட்ரஸுக்கு மட்டும் செய்த ஏற்பாடு அல்ல. டபிள்யூ எழுதி மேலே குட்டி எம் போட்டால் வில்லியம். ஒய் எழுதி மேலே ஆர் போட்டால் ‘உங்கள்’ என்ற பொருளில் வரும் யுவர். ஒரு பக்கம் படித்தால் இப்படி எத்தனையோ வரும். நம் ஏடுகளில் நாள், மாதம், வருடம் மூன்றையும் ஒவ்வொரு சுழியில் முடித்துவிட்டுப் போனவர்களுக்கு இந்த அவசரம் புரியும். மாஸ்டர் என்பதில் எம்மையும் ஆரையும் வைத்துக்கொண்டார்கள், மிஸ்ட்ரஸ் என்பதில் எம், ஆர், எஸ். இரண்டும் ஒரே குடும்பம்: லத்தீன் மாகிஸ்டரிலிருந்து பழைய பிரெஞ்சுக்குப் போய், அங்கே ஆண்பால் ஒன்று, பெண்பால் ஒன்று என்று பிரிந்து இங்கிலாந்துக்கு வந்தவை.

அச்சுக்கூடத்துக்கு வந்ததும் மேலே தூக்கிய எழுத்துகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிவிட்டன. இதற்கிடையில் வாயில் சொல் தேய்ந்துகொண்டே போனது. மாஸ்டர் மிஸ்டர் ஆனது, மிஸ்ட்ரஸ் மிஸஸ் ஆனது. எழுத்து பழைய உச்சரிப்பில் நின்றுவிட்டது, நாக்கு முன்னே போய்விட்டது. அவ்வளவுதான் ஆரின் கதை.

நாக்கு எப்போது முன்னே போனது என்பதற்கு நல்ல சாட்சி ஒருவர் இருக்கிறார். ஜான் வாக்கர் 1791இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதி. மரியாதைக்காகப் பெயருக்கு முன்னால் வரும்போது மிஸ்ட்ரஸை ‘மிஸஸ்’ என்றுதான் சொல்கிறார்கள், எழுதியிருக்கிறபடியே முழுசாகச் சொன்னால் பழம்பஞ்சாங்கத்தனமாகவும் மேதாவித்தனமாகவும் தெரியும் என்கிறார். அதற்கு அவர் கொடுக்கும் உதாரணங்களைப் பாருங்கள்: மிஸஸ் மாண்டேகு, மிஸஸ் கார்ட்டர்.

உங்கள் கடிதங்களில் வரும் அதே இரண்டு பெயர்கள்! மாண்டேகு கணவரை இழந்தவர். கார்ட்டர் மணமே ஆகாதவர், அப்போது உயிரோடுதான் இருக்கிறார், எழுபதைத் தாண்டிய வயது. வாக்கர் இரண்டையும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார். ‘இவருக்கு மணமாகவில்லை, ஆனாலும்’ என்று ஒரு சொல் கிடையாது. படிக்கிறவர் யாருக்கும் அது விசித்திரமாகப் படாது என்று அவருக்குத் தெரியும். பதிப்பாசிரியரிடம் இந்த ஒரு வரியைக் காட்டுங்கள், போதும்.

அப்படியானால் மிஸஸ் என்பதற்கு என்னதான் பொருள்? எஜமானி. தனக்குக் கீழே வேலையாள் இருப்பவர், வீட்டையோ தொழிலையோ தன் பொறுப்பில் நடத்துபவர், அல்லது அப்படிப்பட்ட அந்தஸ்தில் பிறந்தவர். புருஷன் இருக்கிறாரா என்பது கேள்வியே இல்லை. சாமுவேல் ஜான்சனின் 1755 அகராதியில் மிஸ்ட்ரஸ் பதிவைப் பார்த்தால், ஆளும் பெண் என்று மேலே தொடங்கி, வைப்பாட்டி என்று கீழே முடிகிறது. ஒரே சொல்லின் இரண்டு முனையும் அங்கேயே இருக்கின்றன. மணமான பெண் என்ற பொருளுக்கு மட்டும் அங்கே தனி இடம் கிடையாது.

அதே ஜான்சன் தன் பழைய தோழி மிஸஸ் கார்ட்டருக்கு எபிக்டெட்டஸை மொழிபெயர்க்கவும் தெரியும், புட்டிங் செய்யவும் தெரியும் என்று பாராட்டியதாக ஒரு கதை உண்டு. பாராட்டின் லட்சணத்தை விடுங்கள். அவர் வாயிலும் மிஸஸ்தான்.

ஷேக்ஸ்பியரிடம் போனால் இன்னும் தெளிவு. ‘மெரி வைவ்ஸ் ஆஃப் விண்ட்சர்’ நாடகத்தில் மிஸ்ட்ரஸ் ஃபோர்டும் மிஸ்ட்ரஸ் பேஜும் கல்யாணமான பெண்கள். பேஜின் மகள் ஆன், அவளை மணக்க மூன்று பேர் போட்டி போடுகிறார்கள், அவளும் மிஸ்ட்ரஸ் ஆன் பேஜ்தான். நடிகைகளிலும் இப்படித்தான். ஆன் பிரேஸ்கர்டில் மணம் செய்துகொண்டதில்லை, ஆனால் நாடக உலகத்துக்கு அவர் மிஸஸ் பிரேஸ்கர்டில். எழுத்தாளர்களிலும் அப்படியே: ஹன்னா மோர் மணமாகாதவர், மிஸஸ் ஹன்னா மோர்.

---

தாளோரம்:

சார், வாக்கர் உதாரணத்தைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். அதே இரண்டு பெயர்கள்!

ஆனால் ஒரு சந்தேகம். மணமாகாத பெண்ணுக்கு ‘மிஸ்’ என்று ஒன்று அப்போதே இருந்ததே? என் கடிதங்களிலேயே சில மிஸ்கள் வருகிறார்கள். கார்ட்டரை ஏன் மிஸ் கார்ட்டர் என்று சொல்லவில்லை?

---

பழங்கையெழுத்து:

நல்ல கேள்வி. மிஸ் என்பதும் மிஸ்ட்ரஸின் துண்டுதான். ஒரே சொல்லைத் தலைப்பக்கம் வெட்டினால் மிஸ், நடுவில் உருவினால் மிஸஸ். மிஸ்ஸின் இளமைக் காலம் ஒன்றும் கௌரவமானதல்ல. ஜான் ஈவ்லின் 1662 ஜனவரி நாட்குறிப்பில் ஒரு நடிகையை ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவின் ‘மிஸ்’ என்று குறிப்பிட்டுவிட்டு, நடத்தை கெட்ட பெண்களை இப்போது இப்படித்தான் அழைக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்று அடைப்புக்குறிக்குள் முகம் சுளிக்கிறார். சின்னப் பெண் குழந்தைக்கு மிஸ் போடலாம். வளர்ந்த பெண்ணுக்குப் போட்டால் சண்டைக்கு வருவார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் காற்று மாறியது. மேல்தட்டுக் குடும்பங்களில் கல்யாணமாகாத வயதுவந்த பெண்கள் மிஸ் போட்டுக்கொள்ளத் தொடங்கினார்கள். நாகரிகம், வேறென்ன. ஆனால் இது ஒரே நாளில் எல்லோரிடமும் வந்துவிடவில்லை. அதனால்தான் உங்கள் கடிதங்களில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. இளம்பெண் மிஸ். வயதும் மதிப்பும் கூடியபின் அவரே மிஸஸ், இடையில் கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும்.

கேம்பிரிட்ஜ் வரலாற்றாய்வாளர் ஏமி எரிக்சன் 2014இல் இதைப் பற்றி அருமையான கட்டுரை எழுதினார். எசெக்ஸ் மாவட்டத்தில் பாக்கிங் என்ற ஊரில் 1793இல் எடுத்த வீட்டுப் பட்டியலைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். எல்லாப் பெண்களுக்கும் மிஸஸ் கிடையாது. கிடைத்தவர்களில் பண்ணையும் கடையும் ஆலையும் நடத்தியவர்கள் கணிசம். அதாவது அந்தப் பட்டம் கேட்ட கேள்வி ‘உனக்குக் கல்யாணம் ஆயிற்றா’ என்பதல்ல, ‘உன்னிடம் என்ன இருக்கிறது’ என்பது. இதுவும் ஒன்றும் உயர்ந்த கேள்வி அல்ல, ஆனால் வேறு கேள்வி.

பெரிய மாளிகைகளில் சமையல் தலைவிக்கும் வீட்டு மேற்பார்வையாளருக்கும் மிஸஸ் போட்டதும் இந்தக் கணக்கில்தான். கீழே பத்துப் பணிப்பெண்கள் இருக்கிறார்கள், ஆகவே மிஸஸ். ஜேன் ஆஸ்டின் நாவலில் பெம்பர்லி மாளிகையைச் சுற்றிக் காட்டுவாரே மிஸஸ் ரெனால்ட்ஸ், அவருக்குக் கணவர் இருந்தாரா என்று நாவலில் ஒரு வரி கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை.

---

ஓய்வுபெற்ற வாத்தியார்:

பழங்கையெழுத்து தம்பி சொல்வது அத்தனையும் சரி. ராவாசகன் சொன்ன ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. மிஸ்ட்ரஸ் என்ற சொல்லைச் செத்துப்போனதாக அவர் எழுதிவிட்டார். பெயருக்கு முன்னால் போடும் பட்டமாகச் செத்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். சொல் சாகவில்லை. கேம்பிரிட்ஜில் கிர்ட்டன் கல்லூரி என்று ஒன்று, பெண்களுக்காக 1869இல் தொடங்கியது. அதன் தலைவர் பதவிக்கு இன்றும் பெயர் ‘தி மிஸ்ட்ரஸ்’. பள்ளிகளில் ஹெட்மிஸ்ட்ரஸ் என்று எத்தனை தலைமுறை சொல்லியிருக்கிறோம்! அதில் எவராவது தவறான அர்த்தம் பார்த்தார்களா?

---

ராவாசகன்:

ஐயா, ஹெட்மிஸ்ட்ரஸில் அந்த ‘ஹெட்’டை எடுத்துவிட்டு ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் பேசுவோம் 😄

---

பழங்கையெழுத்து:

வாத்தியார் சொல்வது நியாயம். முன்னாலோ பின்னாலோ ஒரு பதவியைக் கட்டிக்கொண்டால் அந்தச் சொல் இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. தனியாக விட்டால் தடுமாறுகிறது. பட்டமாக அது விழுந்ததற்கும் அந்த இன்னொரு அர்த்தம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சுருக்கமும் முழுச் சொல்லும் வாயில் வேறு வேறாக ஒலிக்கத் தொடங்கியபிறகு, இரண்டும் ஒரே சொல் என்பதே மக்களுக்கு மறந்துபோயிற்று. அது சுருக்கத்துக்கு நல்லதாய்ப் போயிற்று.

பன்மையில் இதன் விளைவைப் பார்க்கலாம். இரண்டு மிஸ்டர்களைச் சேர்த்து எழுத பிரெஞ்சுக்காரனின் ‘மெஸ்யூ’வைச் சுருக்கி ‘மெஸர்ஸ்’ என்று கடன் வாங்கினார்கள். இரண்டு மிஸஸ்களுக்கு? மிஸ்ட்ரஸஸ் என்று எழுத எவனுக்குத் தைரியம்? அதற்கும் பிரெஞ்சிடம்தான் போனார்கள், ‘மெதாம்’ என்று வாங்கி வந்தார்கள். ஒருமைக்குச் சொந்தச் சொல், பன்மைக்கு இரவல்.

மிஸ்ட்ரஸுக்குக் கீழ்ப்படியில் இன்னொரு சொல் இருந்தது, அது உண்மையிலேயே செத்துவிட்டது: குட்வைஃப். நல்ல குடும்பத்துக் குடியானவப் பெண்ணுக்கு அந்தப் பட்டம். அதைச் சுருக்கி ‘குடி’ என்பார்கள். மாசசூசெட்ஸில் சேலம் என்ற இடத்தில் 1692இல் சூனியக்காரி என்று பலரைப் பிடித்து விசாரித்தார்கள் அல்லவா, அந்த ஆவணங்களில் ‘குடி நர்ஸ்’ என்று ஒரு மூதாட்டி வருவார். நர்ஸ் என்பது குடும்பப் பெயர், மருத்துவமனை வேலை அல்ல. ரெபெக்கா நர்ஸ், கடைசியில் தூக்கிலிட்டார்கள். அதே பதிவுகளில் வசதியான வீட்டுப் பெண்களுக்கு மிஸஸ். குற்றக்கூண்டில் நின்றாலும் வரிசை மாறவில்லை.

---

படிவக்காரன்:

நான் மென்பொருள் படிவங்கள் வடிவமைப்பவன். பெயருக்கு முன்னால் வரும் அந்தக் கீழிறங்கு பட்டியலில் மிஸ்டர், மிஸஸ், மிஸ், எம்எஸ் என்று நாலையும் போட்டுப் போட்டுக் கை தேய்ந்துவிட்டது. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு மூன்று ஏன் என்று ஒவ்வொரு புதுத் திட்டத்திலும் யாராவது கேட்பார்கள். பழங்கையெழுத்து சார் சொல்வதைப் பார்த்தால் ஒரு காலத்தில் இரண்டு பேருக்கும் ஒன்றே போதுமாக இருந்திருக்கிறது. அப்புறம் எப்போது கெட்டுப்போனது? எம்எஸ் என்பது யார் கண்டுபிடித்தது?

---

பழங்கையெழுத்து:

கெட்டுப்போனதற்கு ஒரு தேதி கிடையாது. மிஸ் கௌரவமாகி, மணமாகாதவர்கள் எல்லாம் அந்தப் பக்கம் நகர்ந்ததும், மீதி இருந்தவர்கள் மிஸஸ் ஆனார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இன்னும் ஒருபடி கீழே போனது. பெண்ணின் சொந்தப் பெயரையும் எடுத்துவிட்டுக் கணவன் பெயரை முழுசாகப் போட்டார்கள். 1811இல் வந்த ஜேன் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவலில் மிஸஸ் ஜான் டேஷ்வுட் என்று ஒரு அம்மாள் இருக்கிறார். ஜான் அவர் புருஷன். மாமியாரும் மிஸஸ் டேஷ்வுட் என்பதால் அடையாளத்துக்காக அப்படி. ஆஸ்டினுக்கு அது வசதி. பின்னால் வந்தவர்களுக்கு அதுவே சம்பிரதாயமாகிவிட்டது. எஜமானி என்று புறப்பட்ட சொல் கடைசியில் இன்னாருடையவள் என்று வந்து நின்றது. எனக்கு இந்தக் கதையில் எரிச்சல் தரும் இடம் இதுதான்.

எம்எஸ் பற்றி: பெண்ணிய இயக்கம் 1970களில் கண்டுபிடித்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பழையது. அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ‘சண்டே ரிபப்ளிகன்’ பத்திரிகையில் 1901 நவம்பர் 10ஆம் தேதி பெயர் போடாத ஒருவர் எழுதியிருக்கிறார். மணமாகாதவரை மிஸஸ் என்றாலும் குற்றம், மணமானவரை மிஸ் என்றாலும் குற்றம், தெரியாத பெண்ணை என்னதான் அழைப்பது என்று புலம்பிவிட்டு, இரண்டுக்கும் பொதுவான எம்மையும் எஸ்ஸையும் மட்டும் வைத்துக்கொள்வோமே என்கிறார். வாயால் சொல்லும்போது தேனீ ரீங்காரம் மாதிரி ‘மிஸ்ஸ்’, கடைசி ஒலியை இசட் போலச் சொல்ல வேண்டும். கிராமப்புறங்களில் ஏற்கெனவே இரண்டு பேரையும் ஒரே மாதிரி இழுத்துத்தானே சொல்கிறார்கள் என்று நியாயமும் சொல்கிறார். பென் ஜிம்மர் என்ற மொழி ஆய்வாளர் 2009இல் இதைத் தோண்டி எடுத்து வெளியிட்டார்.

அந்த யோசனை அப்போது எடுபடவில்லை. 1961இல் ஷீலா மைக்கேல்ஸ் என்ற இளம்பெண் தன் அறைத்தோழிக்குத் தபாலில் வந்த பத்திரிகையின் முகவரிச் சீட்டில் எம்எஸ் என்று பார்த்து அச்சுப்பிழை என்று நினைத்தார். பிழை இல்லை என்று தெரிந்ததும் பிடித்துக்கொண்டார். தந்தைக்கும் சொந்தமில்லாத, கணவனுக்கும் சொந்தமில்லாத ஒரு பட்டத்தைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். சில வருடங்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு நியூயார்க்கில் ஒரு வானொலி நிகழ்ச்சியில் அதைப் பற்றிப் பேசினார், பேச்சு பரவியது, பெண்ணியவாதி குளோரியா ஸ்டைனமும் நண்பர்களும் தொடங்கிய பத்திரிகைக்கு அதுவே பெயரானது. அதன் முதல் வழக்கமான இதழ் 1972 ஜூலையில் வந்தது.

நியூயார்க் டைம்ஸ் மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. 1984இல் ஜெரால்டின் ஃபெராரோ துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்டார். ஃபெராரோ அவர் பிறந்த வீட்டுப் பெயர், கணவர் பெயர் ஜக்காரோ. பத்திரிகையின் விதிப்படி மணமானவருக்கு மிஸஸ்தான் போட வேண்டும், ஆகவே ‘மிஸஸ் ஃபெராரோ’ என்று எழுதினார்கள். கணக்குப்படி பார்த்தால் அது அவருடைய அம்மா! அதே பத்திரிகையில் மொழிப் பத்தி எழுதிக்கொண்டிருந்த வில்லியம் சஃபையர் இதைப் பிடித்துக்கொண்டு விளாசினார். இவ்வளவுக்கும் அவர் புதுமைக்குத் தாவுகிற ஆள் அல்ல. 1986 ஜூனில்தான் டைம்ஸ் எம்எஸ்ஸை ஏற்றுக்கொண்டது.

படிவக்காரரே, உங்கள் பட்டியலில் உள்ள மிஸஸ், மிஸ், எம்எஸ் மூன்றும் மிஸ்ட்ரஸ் என்ற ஒரே சொல்லிலிருந்து வந்தவை. மூன்றாவது இன்று செய்யும் வேலையை முதலாவது ஒரு காலத்தில் தனியாகச் செய்துகொண்டிருந்தது. முடிந்தால் அந்தப் பெட்டியைக் கட்டாயமில்லை என்றாவது மாற்றிவிடுங்கள்.

---

படிவக்காரன்:

கட்டாயமில்லை என்றுதான் நானும் வைப்பேன். வாடிக்கையாளர் தரப்பில் யாராவது வந்து சிவப்பு நட்சத்திரத்தைத் திரும்பப் போடச் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால் ‘எல்லோரும் போடுகிறார்கள்’.

---

ஓய்வுபெற்ற வாத்தியார்:

தாளோரம் அம்மாவுக்கு ஒரு சின்ன விஷயம். மிஸஸுக்குப் பின்னால் புள்ளி வைப்பதா வேண்டாமா என்று பதிப்பாசிரியர் அடுத்த சுற்றில் கேட்பார் பாருங்கள். பிரிட்டிஷ் பழக்கத்தில் இன்று வைப்பதில்லை. சொல்லின் கடைசி எழுத்து சுருக்கத்திலும் இருந்தால் புள்ளி தேவையில்லை என்பது அவர்கள் கணக்கு. அமெரிக்கர்கள் வைப்பார்கள். உங்கள் மூலத்தில் புள்ளி இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள், அந்தக் கால அச்சில் இருக்கும். தமிழில் எழுத்தைக் கூட்டி ‘மிஸஸ்’ என்று எழுதும்போது அது சுருக்கமே இல்லை, புள்ளி வேண்டாம்.

அதோடு, திருமதியையே வைத்துக்கொண்டால் என்ன என்பது என் அபிப்பிராயம். நம் வாசகருக்குத் திருமதி என்றால் மரியாதை என்று புரியும்.

---

பழங்கையெழுத்து:

மரியாதை என்று புரியும், கூடவே புருஷன் என்றும் புரியும். அடுத்த பக்கத்தில் கார்ட்டர் கல்யாணம் வேண்டாம் என்று எழுதும் கடிதம் வந்தால் வாசகர் திரும்ப முன்பக்கத்துக்குப் போவார். செல்வியில் அதைவிடப் பெரிய சிக்கல்: அவரைச் சின்னப் பெண்ணாக்கிவிடும். அவர் காலத்து மிஸ் என்ன செய்ததோ, அதையே செய்யும். ‘அம்மையார்’ பெயருக்குப் பின்னால் போட்டால் பொருந்தும், ‘கார்ட்டர் அம்மையார்’. ஆனால் மாண்டேகுவும் அம்மையார், மோரும் அம்மையார், சமையல் தலைவியும் அம்மையார் என்றால் கொஞ்சம் திகட்டும். நானாக இருந்தால் மிஸஸை மிஸஸாகவே விட்டுவிடுவேன்.

---

தாளோரம்:

எல்லோருக்கும் நன்றி. வாக்கர் அகராதியின் அந்த வரியையும் ஹன்னா மோர், பிரேஸ்கர்டில் உதாரணங்களையும் சேர்த்து பதிப்பாசிரியருக்கு நேற்று அனுப்பினேன். காலையில் பதில் வந்தது. செல்வியைக் கைவிட்டுவிட்டார். திருமதியையும் விடச் சொல்கிறார், பழங்கையெழுத்து சார் சொன்ன அதே காரணத்துக்காக. உள்ளே எல்லா இடத்திலும் மிஸஸ், இளம்பெண்களுக்கு மூலத்தில் இருக்கிறபடி மிஸ், முன்னுரைக்குப் பிறகு அரைப்பக்கக் குறிப்பு என்று முடிவாகியிருக்கிறது. குறிப்பின் முதல் வடிவம் இதோ, குறை இருந்தால் சொல்லுங்கள்:

“இக்கடிதங்களில் மிஸஸ் என்பது மணமானவர் என்று பொருள்படாது. மிஸ்ட்ரஸ் என்ற பழைய பட்டத்தின் சுருக்கமாகிய இது, வயதாலோ அந்தஸ்தாலோ பொறுப்பாலோ மதிக்கப்பட்ட பெண்களின் பெயருக்கு முன்னால் இடப்பட்டது. எலிசபெத் மாண்டேகு மணமானவர், எலிசபெத் கார்ட்டர் மணமாகாதவர்; இருவரும் மிஸஸ். வீட்டு மேற்பார்வையாளர்களுக்கும் இப்பட்டம் வரும்.”

---

பழங்கையெழுத்து:

‘வயதாலோ’ என்பதை மூன்றாவதாகத் தள்ளுங்கள். அந்தஸ்துதான் முதலில் வந்தது. மற்றபடி அச்சுக்குக் கொடுக்கலாம்.